சோப்புப் பெட்டியில் இரண்டு பாம்புகள்

12 மார்ச் 1961, ஞாயிறு

பாம்புகள் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. வியாழக்கிழமை தலைமை ஆசிரியை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "அது இருக்கிற ரூமைக் கூட்ட மாட்டேன்னு ஆயா சொல்லுது. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க டீச்சர்." நவம்பர் மழையில் பள்ளிக்கூடக் குழாயடிப் பள்ளத்தில் கிடந்தவை. தோட்டக்காரர் கம்பை ஓங்கும்போது குறுக்கே போய் நின்று எடுத்து, சயன்ஸ் ரூமில் வைத்திருந்தேன். என் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும், முதுகில் இரண்டு மஞ்சள் கோடு. விஷம் கிடையாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது!

மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நடந்தே கொண்டுவந்தேன். தெருமுனையில் ஒருத்தி "என்ன டீச்சர், எண்ணெயா?" என்றாள். "ஆமா, நல்லெண்ணெய்" என்றேன். வீடு வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. அம்மா இருந்திருந்தால் டின்னோடு என்னையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பாள். அவள் போய் ஆறு மாதம். நாற்பத்து மூன்று வயதில், கல்யாணம் காட்சி இல்லாமல், சுவரைப் பார்த்துச் சிரிக்கிறவளாகிவிட்டேன்.

15 மார்ச்

தச்சர் மூக்கையா இரண்டு பழைய சோப்புப் பெட்டிகளைப் பிரித்து ஒரே பெட்டியாக அடித்துக் கொடுத்தார். முன்பக்கத்துக் கண்ணாடி, பள்ளிக்கூட குரூப் போட்டோவின் சட்டத்திலிருந்து கழற்றியது. அந்தப் போட்டோவில் முன்வரிசைக்காரிகள் என்னைப் பாதி மறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், போகட்டும். மேலே கம்பிவலை போட்ட மூடி. உள்ளே ஆற்று மணல், ஒளிந்துகொள்ள உடைந்த சட்டி, ஏற ஒரு கொய்யாக் கிளை, தண்ணீருக்கு மண்தட்டு. தண்ணீர்ப் பாம்பாயிற்றே என்று காலையில் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு ஊற்றி மணலை நனைத்து வைக்கிறேன்.

19 மார்ச், ஞாயிறு

மாதா கோவில் பூசையில் பாடியதைச் சேர்க்காவிட்டால், இன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

27 மார்ச்

பெரியதற்கு வயிற்றுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. சின்னதற்கும் ஆரம்பம். இரண்டு நாளாகத் தவளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றினேன்.

28 மார்ச்

மூடியின் கீல் இறுகிக்கொண்டது என்று மூக்கையாவை வரச்சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்த மனிதர் கீலை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஏன் டீச்சரம்மா, தண்ணிப் பாம்புன்னா இருபத்துநாலு மணி நேரமும் தண்ணிக்குள்ளேயேவா கெடக்கும்? வரப்புல காஞ்சுக்கிட்டுக் கெடக்குறதப் பாத்ததே இல்லையா? இம்புட்டு ஈரத்துல கெடந்தா உங்களுக்கும் எனக்கும் கூடத்தான் புண்ணு வரும்."

சயன்ஸ் டீச்சர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். வெட்கமாக இருந்தது. அவர் போனதும் ஈர மணலை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்த மணல் பரப்பினேன். பெட்டியின் பாதியில் மட்டும் காலை வெயில் விழும்படி ஜன்னலோரம் நகர்த்தி வைத்தேன். தண்ணீர் இனி தட்டில் மட்டும்.

3 ஏப்ரல்

ஈஸ்டருக்கு வத்தலக்குண்டு போய் வந்தேன். தங்கச்சி கறிக்குழம்பு வைத்து, இலை போட்டு, தாங்கு தாங்கென்று தாங்கினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். மகள் ஜெபமாலைக்கு ஜூனில் நாலாம் பாரம். என் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, என்னோடு தங்கவைக்கலாமா என்று கேட்டாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிட்டிருக்கக் கூடாதா? சந்தோஷத்தில் இந்த வாய் பாம்புக் கதையை அளந்துவிட்டது. கொப்புளம் ஆறியதைக்கூடச் சொன்னேன், பாவி!

தங்கச்சி வீட்டுக்காரர் ஞானதாஸ் மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துவிட்டார். "மதினி, எங்க அண்ணன் கடலைக்காட்டுல பாம்பு கடிச்சுச் செத்தது உங்களுக்குத் தெரியும். அதுங்க இருக்கிற வீட்ல எம் புள்ள ஒரு ராத்திரி தங்காது." விஷமில்லை என்று நான் தொடங்கினேன். "கடிச்ச பெறகா பாக்குறது?" என்றார். பரிமாற வந்த ஜெபமாலை வெஞ்சனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் எப்போதுமே பேச்சுக் குறைவு.

15 ஏப்ரல்

அம்மாவின் கட்டிலை வெளியே எடுத்துத் தட்டினேன். ஜெபமாலைக்கு நீளம் போதும். ஏன் அளந்து பார்த்தேன்? அவள்தான் வரப்போவதில்லையே.

20 ஏப்ரல்

முடிவு பண்ணிவிட்டேன். விட்டுவிடுவது. டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, சாணார்பட்டிப் பக்கம் நான் சின்ன வயதில் பார்த்த குளத்துக்குப் போனேன். குளமா அது! பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, மாடு மேய்கிறது. நிழலுக்கு ஒரு செடி இல்லை. கரையில் டின்னை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கட்டை அவிழ்க்கக் கை வரவில்லை. விட்டால் பருந்துக்கு, இல்லாவிட்டால் வெயிலுக்கு. அடுத்த பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

வந்து முகங்கூடக் கழுவாமல் கடிதம் எழுதினேன். "மாப்பிள்ளை அவர்களுக்கு, பாம்புகளைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிட்டேன். ஜெபமாலையைத் தைரியமாக அனுப்பலாம்."

எழுதி, ஒட்டி, போட்டும் ஆயிற்று. அண்ணனைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டேன். மழை பெஞ்சதும் நெசமாவே விட்டுறணும். விட்டுருவேன்ல?

2 மே

பெரியது சட்டை உரித்தது. தலையிலிருந்து வால் வரை ஒரே உரி, எங்கும் கிழியவில்லை. உடம்பு தேறிவிட்டது. யாரிடம் காட்ட?

14 மே

பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்றி, மேலே சாக்குப் போட்டுவிட்டேன். அங்கேயும் காலையில் கொஞ்சம் வெயில் வரும். நாகல்நகர்ப் பூட்டுக் கடையில் நல்ல மாங்காய்ப் பூட்டாக ஒன்று வாங்கி மூடியில் போட்டேன். கடைக்காரர் "பீரோவுக்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன். யானை இழுத்தாலும் திறக்காதாம். சாவி என் இடுப்பில். இனி நிம்மதி.

4 ஜூன், ஞாயிறு

வந்துவிட்டாள்! ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை. மாப்பிள்ளை உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார். சாமான் அறையை எட்டிப் பார்த்தவர் சாக்கைத் தூக்கவில்லை. "எதுனாச்சும் தெரிஞ்சா ஒரு கார்டு போடு, மறு பஸ்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை.

11 ஜூன்

"பெரியம்மா, ரசத்துல உப்பு பத்தல." ஒருத்தி என் சமையலில் குறை சொல்லி எத்தனை காலமாயிற்று! எழுந்துபோய் உப்பு எடுத்துவருகிற சாக்கில் அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவள் நாளைக்கே போய்விட்டால் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை. முன்னே இருந்தது பழகிப்போன தனிமை. இனி வந்தால் தாங்கமாட்டேன்.

19 ஜூன்

சின்னதைக் காணோம்.

அவள் கோவிலுக்குப் பாட்டுப் பழகப் போன நேரத்தில் தண்ணீர் மாற்றப் போனேன். பூட்டு பூட்டினபடியே இருக்கிறது. உள்ளே பெரியது மட்டும். சட்டியைத் தூக்கினேன், மணலைக் கிளறினேன், இல்லை. பெட்டியைத் திருப்பினால், பின்பக்கத்தில் இரண்டு பலகை சேருகிற இடம் கோடை வெயிலில் சுருங்கி, விரல் நுழைகிற அளவு பிளந்து கிடக்கிறது. பூட்டாம் பூட்டு! திண்டுக்கல்காரி புத்தி அப்படித்தானே போகும், எதுக்கெடுத்தாலும் பூட்டு. பாம்புக்கு மூடி எதுக்கு, சந்து போதாதா?

கந்தைத் துணியை அடைத்துவிட்டு வீடு பூராவும் தேடினேன். அரிசிப் பானை, செருப்பு, அவளுடைய தலையணை உறை — எங்கும் இல்லை. அவள் வந்துவிட்டாள். "என்ன தேடுறீங்க பெரியம்மா?" "மூக்குக் கண்ணாடி" என்றேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது.

20 ஜூன்

பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து சாக்கைத் தூக்கினேன். உள்ளே இரண்டும் இருக்கின்றன.

முதலில் சந்தோஷம். பிறகு பின்பக்கம் பார்த்தேன். நான் அடைத்த கந்தைத் துணி தரையில் கிடக்கிறது. பிளவில் மேலிருந்து கீழ்வரை மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, சீராகத் தேய்த்து அடைத்திருக்கிறது. பூட்டைத் திறக்கவில்லை, சாவி என்னிடம். அப்படியானால் ஜெபமாலைதான் பாம்பைக் கையால் பிடித்து, வந்த சந்து வழியாகவே உள்ளே விட்டு, சந்தை மூடியிருக்கிறாள். பாம்பென்றால் அலறுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை.

ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றினேன். கேட்டுற வேண்டியதுதானே? வாய் வரமாட்டேங்குது. கேட்டா, "ஏன் பெரியம்மா அப்பாகிட்ட பொய் சொன்னீங்க"ன்னு அவ கேப்பா.

22 ஜூன்

இன்றும் கேட்கவில்லை. தூக்கமில்லை.

23 ஜூன்

தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். மாப்பிள்ளை மகளுக்கு எழுதிய கார்டு. மூடாத கார்டில் கண் போகத்தானே செய்யும்? "உன் பெரியம்மா வீட்டில் பாம்பு இருக்கிறதா, இல்லையா? பயப்படாமல் உள்ளதை எழுது. பதில் வராவிட்டாலும் வந்துவிடுவேன்."

ஒளித்துவைக்கலாமா என்று செத்த நேரம் யோசித்தேன். வெட்கக்கேடு. அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு நோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

25 ஜூன், ஞாயிறு

மத்தியானம் அவள் உட்கார்ந்து பதில் எழுதினாள், இடது கையால் மறைத்துக்கொண்டு. நான் அடுக்களையில் ஒரே கத்தரிக்காயை ஒன்பது துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியில் துணி மடித்து வைப்பதையும், மாப்பிள்ளை தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பதையும் மனசுக்குள் பார்த்தாகிவிட்டது. "கடைக்குப் போறப்ப இதப் போட்டுருங்க பெரியம்மா" என்று கார்டை நீட்டினாள். எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படிதான் நீட்டினாள்.

தபால் பெட்டி வரைக்கும் பார்க்கவில்லை. அங்கே போய்ப் படித்தேன்.

"அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் சுகம். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது. பெரியம்மா தூக்கத்தில் குறட்டை விடுகிறார்கள், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டபடி வீடு முழுவதும் தேடிவிட்டேன். பல்லி மட்டும்தான் இருக்கிறது. நான் இங்கேயே படிக்கிறேன். — ஜெபமாலை."

குறட்டையா! நானா? அம்மாகூட ஒருநாளும் சொன்னதில்லையே. நடுத்தெருவில், கையில் காய்கறிப் பையோடு, அழுதுகொண்டே சிரித்தேன். கார்டைப் பெட்டிக்குள் போட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு பொய்க்காரி போதாதென்று இரண்டாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு என்றைக்காவது நானே நேரில் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "ஜெபமாலை, கிணத்தடிக்குத் தவளை பிடிக்கப் போறேன், வாரியா?"

"செத்த இருங்க பெரியம்மா, பாவாடையத் தூக்கிச் செருகிட்டு வாரேன்" என்றாள்.