கதவோரம் நின்றவர்

மார்ச் 4
சிறைக்குப் போகிற நாள். இலவசச் சட்ட உதவி வக்கீலுக்கு அங்கே ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். இன்று காவலர் தன் மின்விசிறியையே தூக்கி வந்து வைத்தார். டீயும் வந்தது. தங்கமான மனிதர். கதவோரம் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசினார்.

தண்டனைக் கைதி ஒருவர், தையல்காரர். ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். காதைத் தேய்த்தபடி, “ஒண்ணும் இல்லைங்க மேடம்” என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

மார்ச் 11
காய்ச்சல். போகவில்லை.

மார்ச் 19
தையல்காரரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“காதுல அறைஞ்சவரையே கூட வெச்சுக்கிட்டு, குறை இருக்கான்னு கேட்டீங்களாமே. அவர் என்னன்னு சொல்லுவார்?”

கைதியும் வக்கீலும் பேசுவதைக் காவலர் தூர நின்று பார்க்கலாம், கேட்கக்கூடாது. போன மாதம்தான் புது வக்கீல்களுக்கு இதை வகுப்பெடுத்தேன். ஒரு டீ, ஒரு காத்தாடி - அதுக்கே மயங்கிட்டேனே. ச்சீ.

மார்ச் 20
போனேன். காவலர்கிட்ட தள்ளி நில்லுங்கன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே? வாய் வரல. “மேலிடத்துல கண்டிப்பு, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று வழிந்தேன். “நம்மகிட்டயா மேடம்?” என்று முகம் தொங்கப் போனார். அதற்கும் மனசு சங்கடப்பட்டது. என்ன ஜென்மம் நான்?

தையல்காரர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். சாப்பாடு குறைவு என்று கேட்டதற்கு அறை. காதில் சீழ். மருத்துவரிடம் அனுப்பவே இல்லை.

“அன்னிக்கு உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்.”

மார்ச் 22
நீதிபதி உத்தரவு போட்டார். உடனே சிகிச்சை, காவலர் மேல் விசாரணை. “சாதிச்சுட்டே” என்று அப்பா போனில் பாராட்டினார். பேச்சை மாற்றினேன்.

மார்ச் 28
இடது காது இனி கேட்காதாம். மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். அப்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8
புதுக் காவலர். டீ வேண்டாம் என்றேன். “தனியா பேசறது அவரோட உரிமை. வராந்தா கடைசிக்குப் போயிடுங்க.” கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும்.

தையல்காரர் வலது காது என் பக்கம் வரும்படி உட்கார்ந்தார்.

“வெளிய யாராவது நிக்கிறாங்களா மேடம்? காலடிச் சத்தம் இப்போ சரியா தெரியறதில்ல.”

எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாருமில்லை என்றேன். பேச ஆரம்பித்தார். நடுவில் நிறுத்தி மறுபடி கேட்டார். மறுபடியும் எழுந்து போனேன்.