துவாஸில் பதினோரு தென்னை

வீரமாகாளியம்மன் துணை

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்,
14-3-1962

அன்பு மகள் லீலாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை தங்கமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் முழங்காலைக் குறையில் சேர்க்க வேண்டாம், அது எப்போதும் உள்ளதுதான். சீமையில், லீட்ஸ் குளிரில் நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க ஆத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இந்த ஊர் வெக்கையில் அதை எங்கே போடுவது, மழை பெய்தால் போட்டுக்கொள்கிறேன் என்றார். மழை பெய்தது. போடவில்லை. தங்கம் கணக்கில் முப்பத்தெட்டு மார்க்கு வாங்கி, வகுப்புக்கே கேள்வி கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். எதிர்வீட்டு பதுருன்னிசாவுக்கு இரட்டைப் பெண் பிறந்திருக்கிறது, எது எது என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

ஜனவரியில் நீ எழுதிய கடிதத்துக்கு அப்பா ஏன் பதில் போடவில்லை என்று கேட்டிருந்தாய். போடாதது எனக்கும் தெரியும். நீ நர்ஸ் படிக்கிற ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே படிப்பு படிக்கிற நடேசனும் நீயும் ஜூனில் பரீட்சை முடிந்ததும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகவும், அப்பா சரி என்று சொல்ல வேண்டும் என்றும், வேண்டாம் என்றால் அந்தப் பையனை விட்டுவிடுவாய் ஆனால் அதற்குப் பிறகு ஊர் திரும்பாமல் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிடுவாய் என்றும் எழுதியிருந்தாய். அதை அப்பா நின்றபடி இரண்டு தரம், உட்கார்ந்து ஒரு தரம் படித்தார். பிறகு அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அதைப் பற்றி ஐந்து வாரம் வாயே திறக்கவில்லை. நான் நாலு தரம் கேட்டேன். ஒரு தரம் தேத்தண்ணீரில் சீனி போதவில்லை என்றார், இரண்டு தரம் ரேடியோவைத் திருகினார், நாலாவது தரம், பையன் வீடு துவாஸாமே, அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அந்தப் பையன் மேல் அவருக்குக் கோபம் கிடையாது, பார்க்காதவன் மேல் எப்படிக் கோபம் வரும். நீ முடிவு செய்துவிட்டுப் பிறகு கேட்டாய் என்பதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் லீலா, திரும்பமாட்டேன் என்று நீ எழுதிய அந்த ஒரு வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சுற்றிவளைத்து எழுத எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கு எழுதக்கூடிய வரியா அது.

இப்படி இருக்கையில் போன வியாழக்கிழமை அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு துவாஸுக்குப் போய்க் கடல் பார்த்து வரலாம் என்றார். இருபத்திரண்டு வருஷமாக ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து கப்பலில் இறங்குகிற மூட்டையை எண்ணுகிற மனிதர், தினமும் எட்டு மணி நேரம் கடலை ஒட்டித்தான் நிற்கிறார். அதைவிட நல்ல கடல் துவாஸில் இருக்கிறதாக்கும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. புளிச்சோறு கிண்டி, முட்டை அவித்துக் கேரியரில் அடுக்கினேன். தங்கத்தை நல்ல பாவாடை தாவணி உடுத்தச் சொன்னார், என்னைப் பெருமாள் கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டச் சொன்னார். அவர் மட்டும் வேலைக்குப் போகிற காக்கிக் கால்சட்டை, தொப்பி, குடை, சட்டைப்பையில் நோட்டுப்புத்தகம், காதில் பென்சில். பென்சில் இல்லாமல் அவர் கோயிலுக்குக்கூடப் போனது கிடையாது, உனக்குத் தெரியாததா.

தேக்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு சீனன் பஸ், புக்கித் தீமா ரோட்டில் ஏழாவது மைலான ஏழாங்கட்டையில் இறங்கி இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் எங்களோடு கோழிக்கூடை ஆறு, பன்றிக்குட்டி ஒன்று, மீன் வலை ஒரு குவியல். ஜூரோங் பக்கம் சர்க்கார் தொழிற்சாலை கட்டப்போகிறதாம், குன்றையெல்லாம் வெட்டிச் சதுப்பில் கொட்டுகிறார்கள், லாரிக்கு லாரி செம்மண். என் புடவை போகும்போது மஞ்சள், துவாஸில் இறங்கும்போது வேறு நிறம். பதினெட்டாங்கட்டை தாண்டிக் கடைசியில் நிற்கிற இடம்தான் துவாஸ். நாலு கடை, பலகை வீடுகள், காயப்போட்ட கருவாடு. கடல் அங்கே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றிச் சேறுதான் தெரிந்தது. தங்கம், இதுக்கா அப்பா இவ்வளவு தூரம் வந்தோம், நம்ம வீட்டுச் சாக்கடைக் காணிலேயே இதைவிடத் தண்ணி ஓடும்லா என்றாள். அப்பா கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து எதையோ பார்த்துவிட்டு, காப்பிக்கடையில், மாடு வைத்திருக்கிற மருதப்பன் வீடு எது என்று மலாயில் விசாரித்தார். மருதப்பன் என்பது உன் நடேசனின் அப்பா பேர் என்று நீ எழுதியிருந்ததை அவர் அந்த நோட்டில் குறித்து வைத்திருந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்காததுபோல் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

நம்மில் பெண் வீட்டார் கூப்பிடாமல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்கிற வழக்கம் இல்லை. அதனால் யார் என்று காட்டிக்கொள்ளாமல் ரோட்டில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் திட்டம். இதை நாய்க்கு யாரும் சொல்லவில்லை. அது குரைத்த குரைப்பில் மருதப்பன் வெளியே வந்துவிட்டார். கறுத்து மெலிந்த மனிதர், ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, ஆள் மேய்க்கிற மேஸ்திரியாக இருந்தவராம். அப்பாவின் தொப்பியையும் நோட்டையும் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாங்க சார், வாங்க, வெயில்ல நிக்காதீங்க என்றார். அப்பா, சும்மா இந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். பாருங்க சார், நல்லாப் பாருங்க என்று அவர் முன்னால் நடந்தார்.

பெண் கொடுக்க நினைக்கிறவர் என்னென்ன கேட்பாரோ அதையெல்லாம் அப்பா பேச்சோடு பேச்சாகக் கேட்டார். இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்றால், முப்பது. வீட்டில் எத்தனை பேர் என்றால், பதினாலு. தென்னை எத்தனை என்றால், நாற்பது. எனக்குக் கணக்கு வராது, ஆனால் நின்ற இடத்திலிருந்தே பதினொன்றுதான் தெரிந்தது. மாடு ஆறு என்றார், அதில் நாலு வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, மூத்த பையன் சீமையில படிக்கிறான் சார், முடிச்சதும் இங்கேதான் வந்து குடியிருப்பான், அவனுக்கும் ஒரு பங்கு எழுதிக்குங்க என்றார். நடேசனுக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அப்பா அதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு மூட்டை கூடக் குறைய எழுதினான் என்பதற்காகக் கூட வேலை செய்தவனிடம் ஆறு வருஷம் பேசாத மனிதர் அவர். பொய்க்கணக்குக்காரன் வீட்டில் பெண்ணைக் கொடுப்பாரா. போதாததற்கு மருதப்பன் ஒரு வாழைத்தாரைக் கொண்டுவந்து தங்கத்தின் கையில் திணித்தார். அப்பா வேண்டாம் என்றார். ஒரு கோழி வந்தது. அதுவும் வேண்டாம் என்றார். இரண்டு கோழி வந்தது.

இதற்குள் அந்த வீட்டம்மா முத்தாயி என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். குந்துங்கக்கா என்று மணைக்கட்டையைப் போட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பார்த்து எழுதச் சொல்லுங்கக்கா, ஜூரோங்குல எல்லாரையும் கிளப்பிட்டாங்க, அடுத்தது நாங்கதான்னு சொல்றாங்க, மரத்துக்கு இவ்வளவு மாட்டுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டு அனுப்பிடுவாங்களாமே என்றாள். வீட்டையும் நிலத்தையும் எழுதிக்கொண்டு போக வந்த சர்க்கார் ஆள் என்று அப்பாவை நினைத்திருக்கிறார்கள், லீலா. ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளையோடு புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு எந்தச் சர்க்கார் ஆள் வருவான் என்று அவர்கள் யோசிக்கவில்லை. பயந்தவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் திகைத்து நிமிர்ந்தால், எதிரே சுவரில் உன் படம். கோட்டுப் போட்டுக்கொண்டு பனியில் நிற்கிறாய், பக்கத்தில் உயரமாய் ஒரு பையன், இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். கண்ணாடிக்கு மேல் உன் நெற்றி இருக்கிற இடத்தில் குங்குமம் வைத்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து முத்தாயி, எம் மகன் கட்டிக்க ஆசைப்படுற பொண்ணுக்கா, சிராங்கூன் ரோட்டுக்காரவுங்க, இந்தக் காட்டுக்குக் குடுக்க மாட்டாங்க, குடுக்காட்டியும் நல்லா இருக்கட்டும்னு தினம் ஒரு பொட்டு வைக்கிறேன் என்றாள். இரண்டு வருஷமாக நான் வைக்க முடியாத பொட்டு. இது நான் பெத்த பொண்ணு என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ஏங்க, கணக்க நிறுத்துங்க என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

அவர்கள் அப்போது கணக்கில் பப்பாளி மரத்துக்கு வந்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் கோழி மட்டும் பேசியது. அப்பா நோட்டை மூடிவிட்டு, நாற்பது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார். மருதப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே, வீட்ட எடுத்துட்டா எம்மவன் வந்து எங்க சார் நிப்பான், நாலு மரம் கூடச் சொன்னா ஒரு எடம் பார்க்கலாமேன்னுதான் என்றார். அப்பாவின் முகம் கல்லாக இருந்தது. இனி சும்மா இருந்தால் என் பிள்ளை போய்விடும் என்று தோன்றியது. நாமளும் கடல் பார்க்கத்தானே வந்தோம், நம்ம கணக்கு மட்டும் சரியா என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அப்படிப் பேசியது கிடையாது. அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் பென்சிலை எடுத்து, வாங்க மறுபடி எண்ணுவோம் என்றார். இரண்டு பேரும் மரம் மரமாக நடந்தார்கள். நாற்பதை அடித்துப் பதினொன்று. ஆறு மாட்டை அடித்து இரண்டு, மற்ற நாலும் அடுத்த வேலி ஒலி முகம்மதுவுடையது. பதினாலு பேரை அடித்து, நடேசனையும் அவன் தங்கையையும் சேர்த்து நாலு. இங்கே குடிவருவான் என்பதை அடித்து, ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார், இரண்டு பேரும் போட வேண்டும் என்று மருதப்பனையும் போடச் சொன்னார். வேண்டாத சரக்குக்கு உன் அப்பா உட்கார்ந்து கணக்கைத் திருத்துகிறவர் இல்லை, எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

மணி இரண்டாகிவிட்டது. முத்தாயி சாப்பிடக் கூப்பிடவும் முடியாமல் கூப்பிடாமல் இருக்கவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது உனக்கும் தெரியும், சீமையில் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் மெதுவாக நம் கேரியரைத் திறந்தேன். அப்பா அதைப் பார்த்து, அது கிடக்கட்டும் என்றார். பிறகு முத்தாயியிடம், பசிக்குதும்மா, இலையைப் போடுங்க என்றார். சொல்லிவிட்டு அவரே போய்த் தொட்டியில் தண்ணீர் மொண்டு கை கழுவினார். ஐந்து வாரமாக வராத பதில் அதுதான் லீலா, நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை. இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். என் குழம்பை இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கேட்டு வாங்கியதில்லை, அதை வேறு நாள் பேசிக்கொள்கிறேன். பாதிச் சாப்பாட்டில் மருதப்பன் அவரை சம்பந்தி என்று கூப்பிட்டார். அப்பா மோர் ஊற்றச் சொன்னார். நான் இலையைப் பார்த்துக்கொண்டு அழுதேன், காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பும்போது கோழி இரண்டையும் வாங்கிக்கொண்டார், இனி வாங்கலாமாம். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். இப்போது அவை நம் குளிக்கிற அறையில் இருக்கின்றன, இன்னும் முட்டையிடவில்லை. நேற்று அப்பா அலமாரியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, ஆவணியில் முகூர்த்தம் பார்க்கப் பெருமாள் கோயில் பக்கம் போனார். எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை, நாள் குறித்த சீட்டைச் சட்டைப்பையில் பார்த்தேன்.

நீயும் நடேசனும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு முன்னால் ராத்திரி விழித்துப் படிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. முக்கியமான ஒன்று, நடேசனிடம் பதமாகச் சொல்லு. நீங்கள் வருவதற்குள் துவாஸில் அந்த வீடு இருக்குமோ இருக்காதோ தெரியாது. இல்லாவிட்டால் அவன் அப்பா அம்மா தங்கையோடு நம் வீட்டில்தான் இருப்பார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார், எந்த மூலையில் யார் படுப்பது என்று அளந்தும் வைத்துவிட்டார். அதனால் வேறெங்கும் தேட வேண்டாம், கப்பலை விட்டு இறங்கி நேரே இங்கே வாருங்கள். ஹார்பரில் அப்பா நிற்பார். ஆட்களை எண்ணுவது அவர் வேலை இல்லை, ஆனாலும் அன்றைக்கு இரண்டு என்று எழுதாமல் வீட்டுக்கு வரமாட்டார்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வே. பூவம்மா