இரண்டு தோள், மூன்று பேர்

மார்ச் 4, செவ்வாய்

ராணுவப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம். ஏப்ரல் 12 கடைசி அணிவகுப்பு. அன்றோடு என் மகள் அதிகாரி. வீட்டுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுதான். வரும் இரண்டு பேர்தான் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டுமாம், இடது தோளில் ஒருவர், வலது தோளில் ஒருவர்.

நான் ஒன்று, அக்கா ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பிள்ளையின் அப்பா விட்டுப்போனதிலிருந்து, நான் நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் வளைத்துக்கொண்டிருந்த இந்தப் பதினோரு வருடமும் பிள்ளைக்குத் தலை வாரி, வீட்டுப்பாடம் பார்த்து, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியவள் அக்காதான். செய்தி கேட்டதும் நேரே போய்ப் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். "அவ்வளவு பெரிய மைதானத்துல நடக்கணும்ல" என்கிறாள். அணிவகுப்பில் இவளும் போகப் போகிறாள் போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகளுக்கு வாரத்தில் பதினைந்து நிமிடம்தான் போன். பதினாலு நிமிடம் ஓட்டம், பூட்ஸ், காலில் கொப்புளம். கடைசி நிமிடத்தில்,

"அப்பா லெட்டர் போட்டிருக்காரும்மா. அன்னைக்கு வரலாமான்னு கேக்குறாரு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீ வேணாம்னா வேணாம். உன் இஷ்டம்தான்."

நேரம் முடிந்துவிட்டது. முடிவைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு போனையும் வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

மார்ச் 10, திங்கள்

கடையில் ஒருவருடைய லென்ஸை இடது வலது மாற்றிப் பொருத்திவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 12, புதன்

அக்காவிடம் சொன்னேன். "பந்திக்கு முந்துற ஆளு, இப்ப படைக்கும் முந்தப் பாக்குறாரா?" என்றாள். இருவரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா என் சீட்டைக் குடுத்துடு. எனக்கும் கால் வலிதான்" என்றாள். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து பழகிக்கொண்டே சொன்னாள். கால் வலியாம்.

அவர் கொடுமைக்காரரா? இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. வெளியூரில் வேலை என்று போனார், அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அழைப்பு மணி அடித்தால் போதும், சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுவாள். ஒரு மாசம் ஓடினா. பால்காரர், பேப்பர்காரர், பக்கத்து வீட்டுக்காரர் — ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து என் மூஞ்சியப் பாப்பா. அதை எப்படி மறக்கிறது? முடியல. முடியவே இல்ல.

மார்ச் 16, ஞாயிறு

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 11, வெள்ளி

பத்து மணி நேர ரயில். பெட்டியில் இருந்த ஒருவரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. "எங்க பொண்ணு இருக்காளே" என்று தொடங்குவாள், அடுத்த ஸ்டேஷன் வரை நிறுத்தமாட்டாள். டிக்கெட் பரிசோதகர் இரண்டாம் முறை எங்கள் பக்கமே வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

நூற்றைம்பது பேரும் ஒரே அச்சு. அக்கா ஒரு பெண்ணைக் காட்டி அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. எங்களுடையவள் கடைசி வரிசையில் இருந்தாள்.

இடது தோள் எனக்கு. குட்டித் திருகாணியோடே பிழைக்கிறவள் நான், ஒரு நொடியில் குத்திவிட்டேன். அக்கா மூன்று தடவை குத்தப் பார்த்தும் ஊசி இறங்கவில்லை. "பெரியம்மா, நட்சத்திரத்தைத் தோள்ல குத்து, கழுத்துல குத்திடாத" என்று உதடு அசையாமல் சொன்னாள் மகள். அந்த இடத்தில் அக்கா நின்றதுதான் நியாயம். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு பந்தலில் டீ. அப்போதுதான் பார்த்தேன். கம்பி வேலிக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம், சீட்டு இல்லாதவர்கள் கூட்டத்தில் அவர். தலை நன்றாக நரைத்திருந்தது. எந்தப் பெண் தன் பெண் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். மகள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மணி நாலுக்கு எங்களுக்கு ரயில். அவரும் தன் வழியில் போயிருப்பார். பத்து நிமிடம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? பத்து நிமிடம். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. தேடட்டும் என்று இருந்தது.

அப்புறம் சொல்லிவிட்டேன். "திரும்பிப் பாரு. வேலிக்கு அந்தப் பக்கம். உங்கப்பா."

திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள். "போகட்டுமாம்மா?"

"தோள்ல நட்சத்திரத்தை வச்சுக்கிட்டு என்னைக் கேக்குற?"

ஓடக் கூடாது போலிருக்கிறது, நடந்துதான் போனாள். வேகமான நடை. அவர் சாலையைக் கடந்து வேலியோரம் வந்தார். கம்பிக்குள் ஒரு விரலை விட்டு நட்சத்திரத்தைத் தொட்டார், நான் குத்தியதை. இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

"எவ்வளவு நேரமா பாத்துட்டு இருந்த?" என்றாள் அக்கா.

"இப்பதான்."

"உன் டீ ஆறிப் போயிருக்கு" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

கடை. கூட்டம். முதலாளி எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். கண் பரிசோதிக்க வந்தவர்கள்கூட எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

ஜூன் 18, புதன்

மகளுக்கு முதல் விடுப்பு, ஆறு நாள். நேற்று வந்தாள். ஆறு நாளும் இங்கேதான் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "நாலு நாள் இங்க இரு. ரெண்டு நாள் அங்க போயிட்டு வா" என்றேன்.

"அங்கன்னா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பஸ் டிக்கெட் நான்தான் எடுத்தேன். அவர் எண் என்னிடம் இல்லை, அக்காவிடம் இருந்தது. உன்னிடம் எப்படி என்றேன். "இருந்துச்சு" என்றாள். எண்ணை எழுதிக்கொண்டேன்.

நானே பேசினேன். பதினோரு வருடமாக அவரிடம் சொல்ல எத்தனையோ சேர்த்துவைத்திருந்தேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் வந்துடும். அவ இறங்குறப்போ நீங்க அங்க நிக்கணும்" என்றேன்.

"அஞ்சு மணிக்கே வந்துடுறேன்" என்றார்.

சரி என்று வைத்துவிட்டேன்.