அண்ணி சொன்னதும் விட்ட சிகரெட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

நீங்கள் சிகரெட்டை விட்டுவிட்டதாக அம்மா ஃபோனில் சொன்னாள். சந்தோஷம்தான். ஆனால் வயிறும் எரிந்தது. பெரியப்பா கணையப் புற்றுநோயில் போனதிலிருந்து நானும் சிகரெட்டை விடச் சொல்லித் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன். "வந்துட்டா டாக்டரம்மா" என்று சிரித்தீர்கள். அண்ணி வந்து, "மாமா, பாப்பா பொறக்கப்போகுது, வேணாமே" என்றதும் விட்டுவிட்டீர்கள்!

பெரியப்பாவுக்கு வந்த அந்த நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று ஆராய, பலரிடம் ஃபோனில் கேள்வி கேட்டுப் பதிவதுதான் இங்கே என் வேலை. நேற்று ஒரு பெரியவர், "எம் பொண்ணு சொன்னா, சிகரெட்ட விட்டுட்டேம்மா" என்றார். விட்டதற்கான காரணம் என்ற கட்டத்தில், "கொடுத்துவைத்தவள்" என்று தட்டிவிட்டேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, "இது என்னம்மா புதுக் காரணம்?" என்று கேட்க, அறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அண்ணி அனுப்பிய படத்தில் உங்கள் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. சிகரெட்டை விட்டவர்கள் பெரும்பாலும் சதை போடுவார்கள், இளைக்க மாட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த வாரமே டாக்டரிடம் போய் இளைத்ததைச் சொல்லுங்கள், சர்க்கரையும் பாருங்கள். பெரியப்பாவைப் பற்றியும் சொல்லுங்கள். இதையாவது நான் சொன்னதற்காகச் செய்யுங்கள்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் போகவில்லையென்றால், ரோஷத்தை விட்டு அண்ணியையே சொல்லச் சொல்வேன்.

உங்கள்
டாக்டரம்மா