குள்ளச் செடிகள் முளைத்த பாத்தி

மார்ச் 4
பட்டாணி பூக்க ஆரம்பித்துவிட்டது. இனி குனிந்த தலை நிமிர முடியாது. குள்ளச் செடியின் மொட்டை விரியும் முன்பே இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகள் எல்லாவற்றையும் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் பூ தனக்குத் தானே மகரந்தம் போட்டுக்கொள்ளும். பிறகு நெட்டைச் செடியின் மகரந்தத்தைத் தடவி, உறை மாட்டி, என் பெயர் எழுதிய அட்டையைக் கட்டுவேன். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பூதக்கண்ணாடியே சொல்வார். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர். தப்பு கண்டுபிடிக்கவே பிறந்தவர்.

மார்ச் 19
தங்கை வந்திருந்தாள். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. கூடவே பயம். அப்பாவுக்கு முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு கைகால் தானாக ஆடியது. கடைசியில் எங்களையே தெரியவில்லை. பரம்பரை நோய், பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அப்போதே சொன்னார்கள். நாங்கள் இருவரும் பரிசோதனைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"நீ முதல்ல டெஸ்ட் எடுக்கா. உனக்கு இல்லன்னா எனக்கும் இருக்காதுல்ல?"

"அப்படி இல்லடி. ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியா சீட்டுப் போடற மாதிரி."

அழுதுவிட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 2
புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம். ஏன் பட்டாணி? சில மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். பூ மூடியே இருப்பதால் அந்நிய மகரந்தம் நுழையாது, நாம் வேண்டியதைச் சேர்க்கலாம். நெட்டை என்றால் நெட்டை, குள்ளம் என்றால் குள்ளம், இடையில் மழுப்பல் கிடையாது. எண்ணிப் பார்க்க ஏராளமான விதை.

"மனுஷங்கள வெச்சுப் பாக்க முடியாதா மேடம்?" என்றாள் ஒருத்தி.

எங்கள் வீட்டில் இரண்டே விதை. அதில் என்ன கணக்குத் தேறும்? சிரித்து வைத்தேன்.

ஜூன் 21
பாத்தியில் குள்ளச் செடிகள். தாய் குள்ளம், தகப்பன் நெட்டை என்றால் முதல் தலைமுறை மொத்தமும் நெட்டையாகத்தான் நிற்க வேண்டும். மார்ச்சில் கிள்ளியபோது மகரந்தப் பைகள் சில உள்ளேயே தங்கிவிட்டிருக்கின்றன.

"இது யார் பண்ண வேலை?" பூதக்கண்ணாடி அட்டையைத் திருப்பினார். என் பெயர். அவர் திட்டவில்லை. "உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 22
இன்றும் இடுக்கி நழுவியது. கண்ணாடியை மாற்ற வேண்டுமோ? தூக்கம் போதவில்லையோ? — யாரை ஏமாத்தறேன் நான்? கண்ணுல கோளாறுன்னா கை ஏன் ஆடுது? அப்பாவோட பொத்தான்தான் இது. பயமா இருக்கு.

ஜூலை 15
பரிசோதனை முடிவு வந்தது. எனக்கு இருக்கிறது. மருத்துவர் மென்று விழுங்கிச் சொன்னார். பட்டாணி அதற்கு முன்பே பட்டென்று சொல்லிவிட்டது.

ஜூலை 18
இடுக்கியைப் புதிய பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். செடிகளுக்குக் குச்சி நடுகிறேன்.

ஜூலை 30
தங்கை போன் செய்தாள். எனக்குத் தெரியாமல் போய்ப் பரிசோதித்திருக்கிறாள். "எனக்கு இல்லக்கா! இல்லவே இல்ல!" இருவரும் அழுதோம். பொய்யில்லை, வயிறு குளிர்ந்துதான் அழுதேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்போ உனக்கும் இருக்காதுல்லக்கா?"

"இருக்காதுடி," என்றேன். போன் நழுவப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.