உன் போனுக்குப் போன எச்சரிக்கை

இன்று காலை நம் அலுவலகம் முழுக்கக் கருகிய ஏலக்காய் வாசம். போடிமெட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் ஆத்தா ஜீப்பில் வந்து இறங்கி, பழுப்பேறிய காய்களை என் மேசையில் கொட்டினார். "சூடு கூடுனா போன்ல சொல்லும்னீங்களே அப்பு. ஒரு சத்தமும் வரலையே. மொதலாளி என்னைய வேலைய விட்டு நிக்கச் சொல்லிட்டாரு."

உன் மேல்தான் கோபம் வந்தது. ஸ்டோர்களின் சூட்டைக் கண்காணிக்கும் நிரலை இருவரும் சேர்ந்து எழுதினோம். எச்சரிக்கை அனுப்பும் மெத்தட், அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு மட்டும் உன் வேலை. அதன் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு கோப்பிலும் இல்லை. ஸ்டோரின் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டி, நிரல் ஓடும்போதே மெத்தட்டை உண்டாக்குவது உன் பழக்கம். பெரிய கெட்டிக்காரத்தனம். அன்றைக்கே திட்டினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "தேடாத மாப்ளே, கேளு. ஓடிக்கிட்டிருக்கும்போதே கேட்டா எந்த ஃபைலு, எத்தனாவது வரின்னு அதுவே சொல்லும். நிறுத்திட்டா வாயத் தொறக்காது."

ஓடிக்கொண்டிருந்த நிரலிடமே கேட்டேன். கோப்பின் பெயரும் வரி எண்ணும் வந்தன. திறந்து பார்த்தால், எச்சரிக்கை முதலில் உன் போனுக்குப் போகிறது. நீ பதில் போட்டால்தான் ஸ்டோருக்குப் போகும். பக்கத்தில் உன் குறிப்பு: "சும்மா சும்மா அவங்கள பயமுறுத்த வேணாம். நானே பாத்துக்கிறேன்."

சிலமலை ரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டிய அன்றும் இதையேதான் சொன்னாய். "வாய்வுடா. நான் பாத்துக்கிறேன்." என்னத்தைப் பார்த்துக்கொண்டாய்? நீ போய், உன் போன் அணைந்து இரண்டு மாதமாகிறது.

அந்த வரிகளை அழித்தேன். ஸ்டோர் முதலாளிக்குப் போன் போட்டு, தப்பு எங்கள் நிரலில்தான் என்று விவரமாகச் சொன்னேன். நாளைக்கு ஆத்தாவை வேலைக்கு வரச் சொன்னார். சோதனைக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பினேன். ஆத்தாவின் போன் அலறியது.

"வர்றேன் அப்பு" என்று எழுந்தவர் வாசல்படியில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன செய்யுது ஆத்தா?"

"ஒண்ணுமில்ல, வெயிலு."

நான் விடவில்லை. எத்தனை நாளாக, நெஞ்சு வலிக்கிறதா, எந்தப் பக்கம், மேடு ஏறினால் கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டே பெரியாஸ்பத்திரி வரை கூடப் போனேன். டாக்டர் பார்த்து முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் கோபம் உன்னை விட்டு என் பக்கம் திரும்பியது.

சிலமலை ரோட்டில் நீ வாய்வு என்றாய். நானும் சரியென்று வண்டியைக் கிளப்பினேன். அப்போது நீ ஓடிக்கொண்டுதான் இருந்தாய். நான் கேட்கவில்லை.