வெள்ளையாகவே இருந்த சோறு

இன்று காலை சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பருக்கை தெறித்து, அடுப்பு மேடையில் கிடந்த என் ரத்தப் பரிசோதனைச் சீட்டின்மேல் விழுந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். நல்ல வெள்ளை. உன் ஞாபகம் வந்தது. வந்தது என்ன, பன்னிரண்டு நாளாக நீ இந்த வீட்டில்தான் இருக்கிறாய். உன்னோடு பேச எனக்குத்தான் இன்றைக்கு வரை தைரியம் வரவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது கண்ணில் புரை. பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணினால் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று நான் பெருமையாக உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா சீட்டை என் பக்கம் திருப்பினார்.

"ஹெபடைடிஸ் சி-ன்னு ஒரு கிருமிங்க. கல்லீரல்ல போய்த் தங்கும். அது எப்பவோ உங்க உடம்புக்குள்ள வந்திருக்குன்னு இந்த டெஸ்ட் சொல்லுது. இப்பவும் இருக்கா, தானா போயிடுச்சான்னு இது சொல்லாது. அதுக்கு இன்னொரு ரத்த டெஸ்ட் இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் மத்ததைப் பேசணும்."

எனக்கு முதலில் வந்த பயம் எதைப் பற்றித் தெரியுமா? "பிள்ளைங்களுக்குச் சோறு போடுற கைங்க இது" என்றேன். சோற்றில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் என்றார். பழைய ஊசியா, பல் பிடுங்கியதா, கர்ப்பப்பை ஆபரேஷனா, எது வழியாக எனக்குள் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம். கிருமி இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதம் போலச் சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும் என்றார். உன் காலத்தில் அந்த மாத்திரை இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் இதே மாதிரி ஒரு சீட்டை நான் ஏற்கெனவே உன் கையில் பார்த்திருக்கிறேன்.

நம் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர், நீ சமையல். ஒரு பிள்ளைக்கும் நான் 'அ' சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் உனக்கு நான் டீச்சர். ஊரில் எந்தத் தபால் வந்தாலும், எந்த மாத்திரை அட்டையானாலும், "டீச்சர்கிட்ட காட்டு" என்பாய். எனக்கும் அது பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

என் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் என் தம்பிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நீ முதல் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்துவிட்டாய். "தைரியமா எடுங்க சார். என் ரத்தம் உள்ள ஓடுனாவாச்சும் சாம்பார்ல உப்பு பத்தலைன்னு டீச்சர் திட்ட மாட்டாங்க" என்று நீ சொன்னதை என் தம்பி வந்து சொன்னான். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். உன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றவில்லை, மறுபடி வந்து டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். வீட்டில் படுத்திருந்த என்னிடம் அதை நேராகக் கொண்டுவந்தாய். எல்லாம் இங்கிலீஷ். கல்லீரல் சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் ஆயிற்றே.

"காமாலை மாதிரி ஏதோ போட்டிருக்கான்" என்றேன்.

உன் முகம் தெளிந்துவிட்டது. "காமாலைதானா? அதை நம்மளே பாத்துக்கலாமே டீச்சர்!"

நம் பக்கத்தில் அது யாருக்குத்தான் தெரியாது? கொட்டாங்கச்சியில் சிறுநீரைப் பிடித்து அதில் நாலு பருக்கை சோற்றைப் போட்டு வைத்தால், காமாலை இருந்தால் சோறு மஞ்சளாகிவிடும். மறுநாள் காலை கொட்டாங்கச்சியைப் பூவரச இலையால் மூடி என் கொல்லைக்குக் கொண்டுவந்தாய். இருவரும் குனிந்து பார்த்தோம். சோறு வெள்ளையாகவே இருந்தது. நான் உன் கீழிமையை இழுத்தும் பார்த்தேன். கண்ணும் வெள்ளை.

"ஒண்ணுமில்ல, போ" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்."

இருந்தாலும் இருக்கட்டும் என்று, கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் வரப்பில் கீழாநெல்லி பறித்து நானே அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். பத்து நாள் உப்பில்லாமல் சாப்பிட்டாய். உன்னை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு. உன் சீட்டை என் பழைய பதிவேடு ஒன்றில் செருகி வைத்தேன். நீயும் திருப்பிக் கேட்கவில்லை, அவர்கள் சொன்ன மறு டெஸ்டுக்கும் போகவில்லை.

இந்தக் கிருமி கண்ணிலும் காட்டாமல், சோற்றிலும் காட்டாமல், வருஷக்கணக்கில் உள்ளேயே குடியிருக்குமாம். டாக்டரம்மா சொல்லி இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஏழெட்டு வருஷம் நீ அண்டா அண்டாவாகச் சோறு வடித்தாய். பிறகு கால் வீங்கியது. வயிற்றில் நீர் கட்டியது. கல்லீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "சோறு வெள்ளையாத்தானே இருந்துச்சு டீச்சர்?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, விளக்கம் கேட்டாய். "பேசாம படு" என்று அதட்டிவிட்டு வந்தேன். அந்த அதட்டலுக்காக இன்றும் கூசுகிறேன்.

இன்னொன்றையும் சொன்னால் நீ சிரிப்பாய். இன்று காலை அந்தப் பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லைக்குப் போய் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக் கழுவினேன். இத்தனைக்குப் பிறகும்! எனக்கு வேண்டியிருந்தது பரிசோதனை இல்லை. "ஒண்ணுமில்ல, போ" என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாளாக அந்த இன்னொரு டெஸ்டுக்குப் போகாமல் கண் வலி, பஸ் இல்லை, முட்டை லாரி வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதனால்தான். கொட்டாங்கச்சியைக் குப்பையில் வீசிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

நீ போன பிறகு உன் இடத்தில் உன் மகள்தான் சமைக்கிறாள். உன் கதையைக் கேட்ட டாக்டரம்மா, தாயிடமிருந்து பிள்ளைக்கும் வந்திருக்கலாம், அவளையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லியிருந்தார். அதையும் பன்னிரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கொட்டாங்கச்சி, கீழாநெல்லி, எதையும் விடவில்லை.

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"சீட்டு வந்தது தெரியும்மா. என்ன போட்டிருக்குன்னு புரியல. புரியலன்னு உங்கம்மாகிட்ட சொல்லல."

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உலை வைத்தாள், பிள்ளைகளுக்குப் பரிமாறினாள், எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். இனி அவள் என்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்தேன். அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தவள், எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸு?"

ஏழு இருபது பஸ். அவளுக்கு முதல் டெஸ்ட், எனக்கு அந்த இன்னொரு டெஸ்ட். பழைய பதிவேட்டிலிருந்து உன் சீட்டையும் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். டாக்டரம்மாவிடம் காட்டி, அதில் இருப்பதை ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்வேன். புரியாவிட்டால் உன் மகளுக்கு எதிரிலேயே புரியவில்லை என்று சொல்வேன்.

நீ அன்று கேட்டதற்கு இப்போதாவது பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சோறு வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு ஒன்றுமில்லை என்று அந்தச் சோறு சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.